கரையில் நிற்பவள்

ஜனவரி 24, சனி

நீண்ட விடுமுறை. ஊர் முழுக்க பெங்களூரு வண்டிகள். நாளைய வகுப்பு நிறைந்துவிட்டது. பெங்களூரில் வேலையை விட்டு வந்து, வீராம்பட்டினத்து அமுதவல்லியோடு சேர்ந்து பெண்களுக்கு அலைச்சறுக்கு சொல்லித்தரப் போகிறேன் என்றபோது அம்மா சிரித்தாள். இப்போது முத்தியால்பேட்டை மாடியில் உட்கார்ந்து சறுக்குப் பலகைகளில் மீன் வரைகிறேன்.  

ஜனவரி 25, ஞாயிறு



வரலட்சுமி மேடம். விழுப்புரத்தில் கல்லூரி ஆசிரியை, இதுதான் முதல் வகுப்பு. இடுப்பளவுத் தண்ணீரில்தான் நின்றிருந்தார். திரும்பிப் பார்க்கிறேன் — ஆள் அலைக்கு அந்தப் பக்கம். கடல் உள்ளே இழுத்துக்கொண்டே போகுது. பலகை தனியா மிதக்குது. நான் விசில் ஊதினேனா? ஞாபகமில்லை. அமுதாதான் நீந்திப் போய் இழுத்து வந்தாள். மணலில் குப்புறப் படுத்துத் தண்ணீராகக் கக்கினார். மாலையில் ஒன்றுமில்லை என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

ஒன்றுமில்லையாம்.

ஜனவரி 27, செவ்வாய்

காற்று சரியில்லை, வகுப்பு கிடையாது என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன். காற்று நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்றைக்கும் காற்றுதான் சாக்கு. அமுதாவிடமும் அதையே சொன்னேன், கடலோரத்தில் பிறந்தவளிடம். சரிக்கா என்றாள், அவ்வளவுதான்.

வரலட்சுமி மேடம் போன் செய்தார். அடுத்த வகுப்பு எப்போது என்று கேட்கிறார். அவர் மறந்துட்டாரா, நான்தான் மறக்கலையா?

பிப்ரவரி 8, ஞாயிறு

அமுதா வீட்டுக்கே வந்துவிட்டாள். அம்மா கொடுத்த காபியைத் தொடவில்லை. காற்றுக் கதை அவளுக்கு முதல் நாளே தெரியுமாம். குருசுக்குப்பம் பக்கம் புதிதாக அலைச்சறுக்கு வகுப்பு ஆரம்பிப்பவர்கள் அவளை வேலைக்குக் கூப்பிடுகிறார்களாம்.

போய்விடு, இதை மூடிடலாம் என்றேன். பயமா இருக்கு அமுதா, கண்ணை மூடினா அந்தப் பலகை தனியா மிதக்குது.

 “எனக்குப் பயமே வராதுக்கா. அப்பா படகுல ஏறி வளந்தவ. அன்னிக்கு அலை மாறுனதப் பாத்தேன். பரவால்லன்னு விட்டுட்டேன்” என்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்ததே இல்லை.

“நீ தண்ணில எறங்க வேணாம். கரையில நின்னு பாரு. நீ வேணாம்னா ஒருத்தரையும் எறக்க மாட்டேன்.”

என்னால முடியுமா? எல்லா நாளும் வேணாம்னே சொல்லிட்டா?

பிப்ரவரி 14, சனி

கரையில் நின்று பார்த்துவிட்டு, போகலாம் என்றேன்.  போனவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். நான் வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

வாந்தி இல்லை. தலைவலி மட்டும்.

மார்ச் 1, ஞாயிறு

வரலட்சுமி மேடம் விடியும் முன்பே கிளம்பி விழுப்புரத்திலிருந்து வந்திருந்தார். பெங்களூருப் பெண்கள் சிலரும் இருந்தார்கள். கரையில் நின்று வெகுநேரம் பார்த்தேன். இரண்டு பக்கமும் அலை உடைகிறது. நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையே இல்லாமல், கலங்கலாக, ஆளை இழுக்கும் நீரோட்டமாகக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

வேண்டாம் என்றேன்.

அந்த இடம்தானே அமைதியா இருக்கு என்று பெங்களூருப் பெண் ஒருத்தி சலித்துக்கொண்டாள். இவ்வளவு தூரம் வந்தோமே என்றாள் இன்னொருத்தி. எனக்கும் சந்தேகம்தான் — தப்பா சொல்றேனோ? அமுதாவைப் பார்த்தேன். அவள் கடலைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னிடம் காரணமும் கேட்கவில்லை. பலகைகளைத் தூக்கி வண்டியில் ஏற்ற ஆரம்பித்தாள். வரலட்சுமி மேடம் போய் ஒரு பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

மதியம் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன்.