நாலு விரல் குறைந்த பட்டை

மார்ச் 3, செவ்வாய்

முதுகுப்பை வந்துவிட்டது. கரும்பச்சை, ஐம்பது லிட்டர். முதலில் உள்பக்கத்தைத் திருப்பித் தையலைத்தான் பார்த்தேன். பரவாயில்லை, ஒழுங்காகத்தான் தைத்திருக்கிறார்கள்.

நாத்தனார் பதினோரு வருடமாக ஆட்களைச் சேர்த்துக்கொண்டு மலையேறுகிறாள். அவர்களுடைய கிழிந்த கூடாரம், பழுதான ஜிப் எல்லாம் என் தையல் கடைக்குத்தான் வரும். தைத்துக் கொடுத்து டாட்டா காட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். இந்த முறை நானும் போகிறேன். ஏப்ரலில், இரண்டு ராத்திரி மலையில்!

ஒரே ஒரு நிபந்தனை. வரும் ஞாயிற்றுக்கிழமை பகல் நடையில் பத்துக் கிலோவை நானே ஏற்றி நானே இறக்க வேண்டும். முடியாவிட்டால் ஏப்ரல் கிடையாது. "அண்ணின்னு பாத்தெல்லாம் விட்டுக்குடுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். யார் கேட்டார்களாம்?

மார்ச் 5, வியாழன்

பையின் பட்டைகள் எல்லாம் முழ நீளத்துக்குத் தொங்குகின்றன. எனக்கு இது ஆகவே ஆகாது. இடுப்பில் கட்டுகிற பட்டைக்காக டேப்பை எடுத்து இடுப்பை அளந்தேன், இரண்டு விரல் தளர்வு விட்டேன், மிச்சத்தை நறுக்கினேன். பிசிர் வராமல் நுனியை மெழுகுவத்தியில் காட்டியாயிற்று. இப்போதுதான் பை லட்சணமாக இருக்கிறது. இருபத்தெட்டு வருடம் கத்தரி பிடித்த கை, சும்மாவா?

மார்ச் 7, சனி

துணிக்கட்டு, ஆறு பாட்டில் தண்ணீர், பழைய இஸ்திரிப் பெட்டி. சரியாகப் பத்துக் கிலோ.

"மலைக்குப் போறியா, வீட்டை விட்டே போறியா?" என்று கேட்கிறார் என் வீட்டுக்காரர்.

மார்ச் 8, ஞாயிறு

மானம் போயிற்று.

முதல் ஒரு மணி நேரம் ராணி மாதிரி நடந்தேன். அப்புறம் தோள் இரண்டும் பிய்ந்துவிடும் போல வலி. நாத்தனார் நிறுத்திப் பார்த்தாள். "பட்டையை ஏன் அண்ணி இவ்ளோ மேல போட்டிருக்கீங்க? கீழ, இடுப்பெலும்பு மேல உக்காரணும். பாரத்தை அதுதான் தாங்கும்."

கீழே இறக்கிப் போட்டேன். கிளிப் எட்டவில்லை. நாலு விரல் குறைகிறது.

இடுப்பளவு வேறு, அதற்குக் கீழே சுற்றி எடுக்கிற சீட் அளவு வேறு என்று வருகிறவர்களிடமெல்லாம் தினமும் கத்துகிறவள் நான்! என் உடம்பையே தப்பாக அளந்து வெட்டியிருக்கிறேன். சொன்னதும் நாத்தனார் பாறையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பாட்டில்களை அவள் எடுத்துக்கொண்டாள். இஸ்திரிப் பெட்டியை மட்டும் நான் விடவில்லை.

நிபந்தனைப்படி ஏப்ரல் போச்சு. ஆனாலும் பஸ்ஸில் கேட்டுவிட்டேன் — "தப்பு கத்தரியோடது, கால் மேல இல்லையே. இன்னொரு ஞாயித்துக்கெழம குடு." இறங்கும்போது, "ஒரே ஒரு தடவதான்" என்றாள்.

மார்ச் 9, திங்கள்

தோள் கன்றிப்போயிருக்கிறது. கடையில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மார்ச் 11, புதன்

புதுப் பட்டை வாங்கி ஒட்டுப் போட்டேன். ஒன்றின்மேல் ஒன்றாக நாலு தையல், நடுவில் குறுக்குத் தையல். வீட்டுக்காரரைப் பிடித்து இழுக்கச் சொன்னேன். அவர்தான் நகர்ந்தார், தையல் நகரவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

ஏற்றினேன். இறக்கினேன். பத்துக் கிலோவும் என் முதுகிலேயே. பட்டை இடுப்பெலும்பில் உட்கார்ந்ததும் தோளில் பாரம் இருப்பதே தெரியவில்லை. உச்சியில் நாத்தனார் பையைத் தூக்கி எடை பார்த்தாள், ஏமாற்றுகிறேனா என்று. அவளிடம் எனக்குப் பிடித்ததே இதுதான்.

ஏப்ரல் 5, ஞாயிறு, காலை

கூடாரத்தைச் சுருட்டிவிட்டு எழுதுகிறேன். நேற்று ஏழு மணி நேர ஏற்றம். நன்றாகவே ஏறினேன், அதை நானே சொல்லிக்கொள்ளலாம்.

சற்று முன் நாத்தனார் வந்து, "இன்னைக்கு நீங்க கடைசியா வாங்க அண்ணி" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "ஏம்மா, அவ்ளோ மெதுவாவா நடக்கறேன்?"

"ஐயோ! யாரையும் பின்னால விட்டுடாம கூட்டிட்டு வர்ற ஆளுதான் கடைசில வரணும். இத்தன வருஷமா அது நான்தான். இன்னைக்கு வழி பாக்க நான் முன்னால போகணும். வேற யார நம்பி விடறது?"

மொத்தம் ஒன்பது பேர். எட்டாவது ஆளும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எழுதியது போதும்.