சீட்டில் வந்த கட்சி

ஜூன் 28, சனி

மாலை டீ வந்தது. போண்டா வரவில்லை. பட்டிமன்றம் இல்லாத முதல் சனிக்கிழமை; நிறுத்தச் சொல்லி சேலம் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு.

எங்கள் விதைக் கம்பெனிக் கிளையில் அது வழக்கம். வாரக் கணக்கு முடிந்ததும் சீட்டுக் குலுக்குவோம். வந்த கட்சியைப் பேசியே ஆகவேண்டும். மேனேஜர் தெய்வசிகாமணி சார் நடுவர். அலுமினிய டம்ளரைப் பேனாவால் தட்டுவார். தோற்றவர் செலவில் போண்டா.

போன வாரத் தலைப்பு: மலைக் களப்பணிக்குப் பெண்கள் ஒத்துவருவார்களா? அந்த வேலைக்கு நான் விண்ணப்பித்திருந்தேன். எனக்கு ‘வருவார்கள்’. கூட வேலை பார்க்கும் சுபாஷுக்கு ‘மாட்டார்கள்’.

“இன்னா மெர்லின், கரியாலூர் மலை வளைவுல வண்டி பஞ்சரானா இன்னா பண்ணுவ?”

“உன்னக் கூப்புடுவேன். நீதான் சும்மா பேசிக்கினு இருக்கியே.”

பிறகு நிஜமாகவே வாதாடினான். சராசரியாகப் பார்த்தால் ஆணின் விருப்பம் வேறு, பெண்ணின் விருப்பம் வேறு என்றான். எனக்குக் காது சுட்டது. “சராசரியா மலையேறப் போவுது? நான்டா ஏறப்போறேன்.” சார் தட்டிய தட்டில் டம்ளர் நெளிந்தது. போண்டா அவன்தான் வாங்கினான்.

பல்கலைக்கழகத்தில்கூட என்னை இவ்வளவு நன்றாக யாரும் மறுத்ததில்லை.

ஜூன் 30, திங்கள்

காரணம் தெரிந்தது: எங்கள் கிளைச் செழியன் செய்த வேலை. ‘நம்ம சுபாஷ் பேச்சைப் பாருங்க’ என்று பெருமையாக, அவன் பேசிய வீடியோவை மட்டும் கம்பெனி வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். சேலம் தலைமை அலுவலகம் விசாரிக்கிறது. சுபாஷுக்கு வேலை போகலாம்.

“சீட்டுல வந்த கட்சின்னு சொல்லிடு. முடிஞ்சிது” என்றேன்.

“பாதிதான் சீட்டு. பாதி நான் நம்புறது. பொய் சொல்லச் சொல்றியா?”

முட்டாள். நேர்மையான முட்டாள்.

ஜூலை 2

சேலத்திலிருந்து போன். “மனசு புண்பட்டுச்சின்னு ஒரு வரி எழுதுங்க மேடம், போதும்.”

புண்பட்டேனா? கோபம் வந்தது. பதில் சொன்னேன். ஜெயித்தேன் — அதற்குப் பெயர் புண்ணா?

கணக்குப் பிரிவு சந்தியாவிடம் சொன்னேன். “உனக்கு வலிக்கல, சரி. எனக்கு வலிச்சிது. நான் வாயே தொறக்கல, அதான் யாருக்கும் தெரியல.”

ராத்திரி வேறு கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

ஜூலை 3

சேலத்துக்கு எழுதி அனுப்பினேன். சுபாஷ் கருத்து தவறு. அதை அங்கேயே மறுத்துவிட்டேன். அதற்காக வேலையை எடுக்க வேண்டாம். சந்தியா போன்றவர்களும் பேச ஒரு வழி செய்யுங்கள், எங்களை ஊமையாக்காதீர்கள்.

ஜூலை 19

சுபாஷுக்கு வேலை உண்டு. எச்சரிக்கையோடு. பட்டிமன்றம் இனி எப்போதும் இல்லை.

ஆகஸ்ட் 2, சனி

மலைக் களப்பணி எனக்கே. திங்கள் முதல் கரியாலூர்.

நாலு மணி டீ. நெளிந்த டம்ளரில் இப்போது பேனாக்கள் நிற்கின்றன. வேண்டுமென்றே ஆரம்பித்தேன்.

“ஆம்பளைங்களுக்குப் பொறுமையே கெடையாது, சுபாஷ். அது பொறப்புலயே அப்டிதான்.”

நிமிர்ந்தான். கண்ணில் அந்தப் பழைய குறும்பு. வாய் திறந்தது. சந்தியாகூடத் திரும்பிப் பார்த்தாள்.

“சரிங்க மேடம்” என்றான்.

என் பைக்குள் போண்டா ஆறிக்கொண்டிருந்தது. இன்று தோற்றுவிடலாம் என்று வாங்கி வந்தது.