மூச்சு வாங்காத எஸ்.எஸ்.டி.

தம்பி,

நீதான்டா ஜெயித்தாய்! “நீ வாங்கின இந்த எஸ்.எஸ்.டி. டிஸ்க்கும் உன் பாட்டு மாதிரிதான்டா, ஆரம்பத்துல ஜோரு, அப்புறம் மூச்சு வாங்கும்” என்று நேற்று வாய்க்கொழுப்பில் சொன்னேனே, இன்று காலை சோதித்துப் பார்த்தேன். நீ பதிவு செய்த பாட்டு அத்தனையையும் அதில் திரும்பத் திரும்பக் கொட்டினேன். நிரம்பி வழியும் வரை வேகம் துளிகூடக் குறையவில்லை! கைதட்டியே விட்டேன்.

கம்ப்யூட்டரை அணைத்துத் தொலைக்காதே. புது ரேம் மெமரிக்கான சோதனை இன்னும் ஓடுகிறது. ஒரு பிழை காட்டினாலும் கடையில் திருப்பிக் கொடுத்துவிடு. சாப்பாடு மேசையில் மூடி இருக்கிறது; கோபத்தில் பட்டினி கிடக்காதே.

அக்கா

மறந்துவிட்டேன்: நகல் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் ஒரு பாட்டைத் திறந்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்பதாக இருந்தேன். பஸ் போய்விட்டது.