கணுக்கால் பிசகிய குறுவை

இன்று காலை மகளுக்கு மாடிப்படியில் கணுக்கால் பிசகிவிட்டது. பற்றுப் போடப் புளியும் கல்லுப்பும் கரைத்துக் கொதிக்க வைத்தேன். அந்த வாசனை எழுந்ததும் கரண்டியை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது.

அந்த வருஷம் குறுவை அறுவடைக்கு எங்கள் தெரு ஆட்கள் வயலில் இறங்கவில்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம். கூலிக்காரர் சங்கத்தை முன்னால் நின்று நடத்தியவர் என் அப்பா. அறுக்காமல் சாய்ந்து கிடந்த நெல்லில் பாதி உன் அப்பாவுடையது. ஊர் முனையில் போலீஸ் வேன் நின்றது. நீயும் நானும் மட்டும் பள்ளிக்கூட மைதானத்தில் தினமும் ஒருத்தியை ஒருத்தி துரத்திக்கொண்டிருந்தோம். எண்ணூறு மீட்டர். எப்போதும் நான் முதல், நீ இரண்டாவது.

தஞ்சாவூரில் மாவட்டப் போட்டி. முதல் இரண்டு பேர் மாநிலத்துக்குப் போகலாம். அங்கே ஓடியவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்று விளையாட்டு டீச்சர் சொல்லியிருந்தார். எனக்கு வேறு வழியும் கிடையாது.

போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது வரப்பில் ஓடினேன். நண்டு வளையில் கால் இறங்கிவிட்டது. டீச்சர் வந்து வீக்கத்தைப் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் வேண்டாம்மா" என்று சொல்லிப் போனார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் பட்டப்பகலில் நீ எங்கள் தெருவுக்குள் நடந்து வந்தாய், கையில் புளி உருண்டையும் பழந்துணியுமாக. உன் வீட்டார் யாரும் அதுவரை அங்கே கால் வைத்ததில்லை. அம்மா பதறிப்போனாள்.

"இங்கெல்லாம் நீங்க வரலாமா பாப்பா? அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னாவறது?"

"சொல்லிட்டுத்தான் வந்தேன் அத்தை. கத்துனாரு, கத்தட்டும். அடுப்புல சட்டி வைங்க."

அம்மா அசையவில்லை. உங்கள் மேலத்தெருச் சின்னப் பிள்ளைகள்கூட அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்; நீ அத்தை என்றாய்.

நான்தான் எரிந்து விழுந்தேன். "ஏண்டி வந்தே? நான் இல்லேன்னா உனக்குத்தானே முதல் இடம்?"

"ஒரு தடவையாவது உன்னைத் தோக்கடிக்கணும்டி. படுத்துக் கிடக்கிறவளை எப்படித் தோக்கடிக்கறது?"

சுடச்சுடப் பற்றுப் போட்டாய். தெருவே கேட்கக் கத்தினேன். ஐந்தாம் நாள் வீக்கம் வடிந்ததும் வாய்க்காலில் இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கிவிட்டாய்.

"எங்க வீட்டு மாட்டுக்குக் கால் பிசகினப்போ தண்ணியிலதான் நடக்க விட்டாங்க. ஓடு."

"நான் மாடா?"

"மாடு முனகாம நடந்துச்சு."

தண்ணீர் கனத்தைத் தாங்கியது; எதிரோட்டம் தொடையைப் பிடித்து இழுத்தது. தாவணி நனைய நீயும் கூடவே ஓடினாய். கரையில் உன் சித்தப்பா சைக்கிளை நிறுத்தினார். நீ அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு" என்று இன்னும் உரக்க எண்ணினாய். அவர் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

தஞ்சாவூரில் உன் பழந்துணியையே காலில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றேன். முதல் சுற்றில் கடைசியில் ஓடினேன். கால் தாங்குகிறது என்று தெரிந்த இடத்திலிருந்து ஒவ்வொருத்தியாகத் தாண்டினேன். கடைசி வளைவில் ஊசி ஏற்றியதுபோல் வலி. முன்னால் நீ மட்டும்தான். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். கயிற்றை என் நெஞ்சுதான் முதலில் தொட்டது.

நீ புல்லில் விழுந்து, "நொண்டிக்கிட்டே ஜெயிச்சுட்டியேடி பாவி!" என்றாய். சிரித்தாய், தோற்ற ஆத்திரத்தில் அழவும் செய்தாய். இரண்டும் நிஜம்.

ஊர் திரும்பியபோது எங்கள் ஆட்கள் கேட்ட கூலி கிடைத்திருந்தது. வயலெல்லாம் அரிவாள். மாநிலப் போட்டியில் நீ சொன்னதைச் செய்தாய். என்னைத் தாண்டும்போது "வரேண்டி" என்று சொல்லிவிட்டு வேறு போனாய். அவ்வளவு சந்தோஷமாக நான் எதிலும் தோற்றதில்லை.

கல்லூரி கிடைத்தது. முப்பது வருஷம் விளையாட்டு டீச்சராக இருந்தேன். உன் சாவுக்கு வந்தபோது மேலத்தெரு வீட்டின் முன்வாசல் வழியாகத்தான் உள்ளே போனேன். உன் தம்பி எழுந்து, "வாங்க அக்கா" என்றான்.

விடியற்காலையில் இப்போதும் ஆற்றங்கரையில் ஓடுகிறேன், மெதுவாகத்தான். வலது பக்கம் ஓரடி பின்னால் உன் மூச்சு கேட்கிறது. திரும்பிப் பார்ப்பதில்லை. காலை இன்னும் கொஞ்சம் எட்டிப் போடுகிறேன்.