புளியமரத்திலிருந்து இருபத்திரண்டு எட்டு

அக்கா,

இன்று பூசைக்கு உட்கார்ந்தபோது நகக்கண்ணில் செம்மண் இருந்தது. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அந்தக் கையால் சாமிக்குப் பூ வைக்கக் கூசியது. கோவிலடி மண்தானே என்று பிறகு வைத்துவிட்டேன். அந்த மண் வாசனையில் உன் நினைப்பு வந்துவிட்டது. நேற்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

புளியமரத்தடி மீட்டர் பெட்டியிலிருந்து அம்மன் கோவில் வரை பூமிக்கடியில் ஒயர் கொண்டுபோகிறார்கள். மேலே இழுத்திருந்ததைப் போன காற்றில் கிளை விழுந்து அறுத்துவிட்டது. பள்ளம் தோண்ட ஒடுகத்தூரிலிருந்து பொக்லைன் வண்டி வந்தது. முன்னால் நின்று வேலை வாங்கியவர் உன் வீட்டுக்காரர், என் மூத்தார். வண்டி மண்ணில் கை வைக்கும் நேரத்தில் நான் போய்க் குறுக்கே நின்றேன்.

“இன்னாம்மா, சாமி காரியத்துக்குக் குறுக்க நிக்கிற?”

“குழா போவுது மாமா. ஊரே குடிக்கிற தண்ணி.”

“ஆபீஸ்ல குடுத்த படத்துல இந்தப் பக்கம் குழாயே இல்லீங்களே” என்றார் ஒயர் போட வந்தவர்.

படத்தில் எப்படி இருக்கும்? பாறை என்று சொல்லி, குழாய் போட வந்தவர்கள் பள்ளிக்கூடத்தோடு நிறுத்திவிட்டுப் போனார்கள். மீதியைத் தோண்ட மண்வெட்டியை முதலில் எடுத்தவள் நீ. உன்னோடு சேர்த்து ஏழு பெண்கள். டீக்கடையிலிருந்து ஒருவர் கத்தினார்: “பொம்பளைங்க நோண்டற பள்ளத்துல தண்ணி வராது, எலிதான் வரும்!” நீ நிமிரக்கூட இல்லை. “எலி வந்தா ஒனக்குத்தான் கொழம்பு வெச்சி ஊத்தறோம், போய்யா!” என்றாய்.

மண் மூடிய அன்று, மரத்திலிருந்து கோவிலைப் பார்த்து நடந்து, குழாய் குறுக்கிடும் இடத்தை நீ எண்ணிச் சொன்னாய். பிள்ளையின் ஒண்ணாங்கிளாஸ் புத்தகத்தைப் பார்த்து எழுத்துக் கற்றவள் நான். என் வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதினேன்: இருபத்திரண்டு எட்டு. “என் நெஞ்சுல இருக்கறது என்னோட போய்டும். நீ எழுதி வெய்” என்றாய். அப்படித்தான் போய்விட்டாய், ஒரே வாரக் காய்ச்சலில்.

நோட்டைக் காட்டினேன். நீ நெட்டை என்பதால் எட்டி எட்டி வைத்து நடந்து, நின்ற இடத்தில் தோண்டினேன். வேரும் கல்லும்தான் வந்தன. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“ஒன் நோட்டுல உப்பு புளி கணக்குதான் சரியா இருக்கும். நவுரு” என்றார் மூத்தார்.

“நவுரமாட்டேன் மாமா. மண்ண என் மேலயே தள்ளச் சொல்லுங்க. அம்மாளுக்கு வெளிச்சம் வேணும், சரி. அபிஷேகத்துக்குத் தண்ணி எங்கிருந்து வரும்? மறுபடியும் ஓடைக்கு எறங்கப்போறது நீங்களா?”

கோவிலைப் பார்த்தபடி அந்தக் குழிக்குள்ளேயே நின்றேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்று நீ நடந்தது வெறுங்கையோடு இல்லை. இடுப்பில் நிறைகுடம். இறக்கி வைத்துவிட்டு எண்ணு என்றதற்கு, “மறுபடி யாரு தூக்கறது, நீயா?” என்றாய். எத்தனை வருசம் ஓடைப்பாதையில் உன் பின்னால், நீ கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து ஏறியிருக்கிறேன்! குடம் இடுப்பில் ஏறிவிட்டால் உன் எட்டும் என் எட்டும் ஒன்றுதான்.

குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தேன்.

“யக்கா, வண்டிக்குத் தாகம்னு கொண்டாறீங்களா?” என்றார் டிரைவர். பதில் சொன்னால் எண்ணிக்கை தப்பிவிடும். இருபத்திரண்டாவது எட்டில் நின்றேன், முதல் குழிக்கு ஓர் ஆள் நீளம் முன்னாலேயே. களைக்கொத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன். முழங்கால் ஆழத்தில் கறுப்புக் குழாய். கசிந்த இடத்தில் நீ சுற்றிக் கட்டிய ரப்பர் அப்படியே இருந்தது.

மூத்தார் குந்தி உட்கார்ந்து அதைத் தொட்டுப் பார்த்தார். “அடிப்பாவி! இது என் சைக்கிள் டியூபு. எத்தினி நாள் தேடனேன்!” என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. டிரைவரிடம் வண்டியை நிறுத்தச் சொன்னார். குழாய் குறுக்கிடும் இடத்தில் ஆறடியை அவரே மண்வெட்டி பிடித்துத் தோண்டினார். ஒயரைத் தனிக் குழாயில் நுழைத்து, தண்ணீர்க் குழாய்க்கு ஒரு முழம் கீழே கொண்டுபோனார்கள். மேலே மணல், மணல்மேல் செங்கல்.

எனக்கு அது போதவில்லை. இன்று அந்தப் படம் கொடுத்த ஆபீஸுக்குப் போய், குழாயையும் அதில் ஏற்றச் சொன்னேன்.

“எந்தத் திட்டத்துல போட்டதும்மா?” என்றார் அங்கே இருந்தவர்.

“எந்தத் திட்டத்துலயும் இல்லீங்க. நாங்க போட்டது.”

“அப்டி எழுத எடம் இல்லியேம்மா.”

“ஓரத்துல எழுதுங்க. நான் இருக்கேன்.”

கதவு சாத்தும் வரை இருந்தேன். அவர் எழுதவில்லை. அடுத்தவன் வண்டியோடு வரும்போது குறுக்கே நிற்க நான் இருப்பேனோ, மாட்டேனோ. படம் இருக்கும்.

நம் இரண்டு வீட்டுக்கும் நிலம் பிரித்தபோது கல் நட்டுப் பிரித்தார்கள். உன் பிடிவாதத்தில் மட்டும் யாரும் பங்கு கேட்கவில்லை, முழுதாக நானே எடுத்துக்கொண்டேன். நாளைக்கும் முதல் பஸ்ஸில் போகிறேன். குழாய்க் கோடும் ஏழு பேர் பெயரும் அந்தப் படத்தில் ஏறும் வரை போவேன். உன் பெயர்தான் முதலில்.