நீ சுஷி பழகிய சனிக்கிழமைகள்

இன்று காலை சமையலறைக் குழாயில் படிந்த உப்புக்கறையை வினிகர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் புளிப்பு வாசனை மூக்கில் ஏறியதும் கை ஓய்ந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து மீதியைத் தேய்க்கத் தெம்பில்லை. நீ போன பிறகு எதற்குமே தெம்பில்லை. இருந்திருந்தால், "கறை எங்கே ஓடிப் போயிடப் போறது? நாளைக்குத் தேய்ச்சுக்கோடீ" என்றிருப்பாய்.

மலையாளத்து ஊரில் ஒரே அலுவலகத்தில் கணக்கு எழுதிக் காலம் கழித்தவர்கள் நாம். நீ வலியசாலை அக்கிரகாரத்துத் தயிர்சாதம், நான் நாகர்கோவில் மீன்குழம்பு. முதல் நாள் என் டிபன் பாக்ஸைத் திறந்ததும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். மறுநாளும் அதே மேஜைக்குத்தான் வந்தாய். பணி ஓய்வு பெறும் வரை நாம் இடம் மாறவே இல்லை.

வேலைக்கென்று ஒசாகா போன உன் ஒரே மகள், அங்கேயே ஒரு ஜப்பான்காரரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். "வந்து அவா ஆத்து மனுஷாளோட உட்கார்ந்து ஒருவேளை சாப்பிடும்மா" என்று கெஞ்சினாள். நீ போனிலேயே வெடித்தாய். "அந்தப் பச்சை மீன் தட்டுக்கு முன்னால என்னால உட்கார முடியாது!" அதன் பிறகும் அவள் பேசினாள், உடம்பை விசாரித்தாள். வா என்று மட்டும் சொல்லவில்லை. கல்யாணம் நீ இல்லாமலே நடந்தது. அன்றிலிருந்து உன் முகத்தில் ஒரு வாட்டம்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு சனிக்கிழமை திடுதிப்பென்று என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். "கழக்கூட்டத்துல ஜப்பான் ஹோட்டல் திறந்திருக்காளாம். என்னோட வா. நன்னாப் பழகிண்டு, அப்புறமா வரேன்னு அவகிட்ட சொல்றேன். அதுவரைக்கும் அவகிட்ட மூச்சு விடப்படாது, கேட்டியா?"

"நீ பழகி முடிக்கதுக்குள்ள அவ பேரன் எடுத்துருவா, போடீ" என்றேன். சொல்லிக்கொண்டேதான் புடவை மாற்றினேன். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினோம்.

மெனுவைத் தலைகீழாகப் பிடித்தாலும் நமக்கு ஒன்றுதான். பரிமாற வந்த பெண்தான் மலையாளத்தில் பாடம் எடுத்தாள். புதிதாக வருகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாக ஆர்டர் செய்யக் கூடாதாம். முதலில் கடற்பாசித் தாளில் சோற்றோடு சுற்றிய வெள்ளரிக்காய் சுஷிச் சுருள், பிறகு அவகாடோ. மீன் தின்கிறவர்கள் வெந்த இறாலில் தொடங்கிப் பச்சை மீனுக்குப் போகலாம். குச்சி பிடிக்க வராவிட்டால் கையால் எடுத்துச் சாப்பிடுவதில் ஒரு குறைச்சலும் இல்லை. அதைக் கேட்டதும் உனக்குப் பாதி பயம் போயிற்று.

மீதிப் பாதியை நீயே கெடுத்துக்கொண்டாய். சோயா குப்பியை எடுத்துச் சாம்பார் விடுவதுபோலத் தட்டு முழுக்க விட்டாய். சுருள் அவிழ்ந்து சோறு மிதந்தது. பழக்கதோஷம், கை தானாகப் பிசையத் தொடங்கிவிட்டது. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜை திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல் வேறு தட்டு கொண்டுவந்தாள். சோயாவில் ஓரத்தை மட்டும் தொட வேண்டும், தட்டோரத்துக் காரமான பச்சை விழுது கடுகளவு போதும், இஞ்சி ஊறுகாய்போல் தொட்டுக்கொள்ள அல்ல, நடுநடுவே நாக்கைக் கழுவ என்றாள். கடைசியாக, துண்டை முழுதாக வாயில் போட வேண்டும், பாதி கடித்துத் தட்டில் வைப்பது அழகில்லை என்றாள்.

நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். "எச்சில்! இதைத்தானே எங்காத்துல காலங்காலமா சொல்லிண்டிருக்கா? அங்கேயும் நம்ம மாதிரி மனுஷாதான் ஆக்கும்."

ஆனால் ருசி? வினிகர் விட்ட அந்தச் சோற்றைக் கண்ணை மூடி விழுங்கிவிட்டு ஒரு தம்ளர் தண்ணீரையும் குடித்தாய். "ஊசிப்போன சாதத்தைப் பாசியில சுத்தின மாதிரி இருக்குடீ" என்றாய். எதிரே நான் பச்சை மீன் தின்பதைப் பார்த்துக்கொண்டே முகம் சுளிக்காமல் உன் சுருளைச் சாப்பிட வேண்டும், அதுதான் நீ உனக்கு வைத்துக்கொண்ட பரீட்சை. எத்தனையோ சனிக்கிழமைகள் தோற்றாய். ஒருநாள் தேறினாய். வரும் வழியில் பஸ்ஸில், "டிக்கெட் பார்க்கணும். அவகிட்ட நாளைக்குச் சொல்லிடறேன்" என்றாய்.

அந்த நாளை வரவில்லை. விடிவதற்குள் நெஞ்சுவலி வந்து எல்லாம் முடிந்துவிட்டது.

உன் மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். காரியங்கள் முடிந்ததும் இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். அவள் நாற்காலியில்கூட உட்காரவில்லை. "அம்மா கடைசிவரைக்கும் எங்களை ஏத்துக்கவே இல்லை, ஆன்ட்டி. அன்னிக்குப் போன்ல சொன்னதுதான் காதுல கேட்டுண்டே இருக்கு" என்றாள்.

நீ மூச்சு விடாதே என்றது நினைவிருந்தது. யாருக்காக இனி அடக்குவது? எல்லாவற்றையும் சொன்னேன். கழக்கூட்டத்து பஸ், வெள்ளரிக்காய்ச் சுருள், சோயாவில் மிதந்த சோறு. "சத்யமாணோ, ஆன்ட்டி? நிஜமாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சிரித்தாள், மூக்கைத் துடைத்துக்கொண்டே தன் கணவருக்கு மொழிபெயர்த்தாள். அவர் மெதுவாக ஏதோ கேட்டார்.

"அம்மாவுக்குப் பிடிச்சுதான்னு கேக்கறார்."

உன் மகளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. "இல்ல மக்களே. ஒருநாளும் பிடிக்கல."

"பின்னே எதுக்குப் போனா?"

"வேற எதுக்கு? ஓங்க ரெண்டு பேருகூடயும் உக்காந்து திங்கதுக்குத்தான்."

அதை அவள் மொழிபெயர்க்கவில்லை. என் தோளில் சாய்ந்து அழுதாள். அவர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அவளிடம் எல்லாம் சொன்னதாக நினைத்தேன். ஒன்று மட்டும் என்னோடு தங்கிவிட்டது. மீன் இல்லாமல் சோறு இறங்காத எனக்கும் அந்தப் பச்சை மீன் ஒருநாளும் பிடித்ததில்லை. நான் முகம் சுளித்தால் நீ பாதியில் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாய். அதனால் ஒவ்வொரு துண்டையும் சிரித்துக்கொண்டே விழுங்கினேன்.