மாலதியின் தொட்டியில் கலந்தது யார்?

என் மாலதிக்கு,

நீ போன பிறகு உன் அண்ணன்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. வேறு யாரிடம் சொல்வேன்?

வகுப்புத் தோழியாக இருந்து நாத்தனார் ஆனவள் நீ. நான் விருத்தாசலத்திலேயே பள்ளி ஆசிரியையாக இருந்துவிட்டேன்; நீ ஆராய்ச்சிக்குப் போனாய். உன் அண்ணன் வேலை செய்யும் செராமிக் கம்பெனியில் கழித்துப் போட்ட இரண்டு தொட்டிகளில், ஒரே பெண் தண்ணீர்த்தெள்ளின் வாரிசுகளை வளர்த்தாய். கடுகைவிடச் சிறிய உயிர். ஆண் துணை இல்லாமலே தன்னைப் போன்ற பெண்களைப் பெற்றுத் தள்ளும். ஒரு தொட்டியில் மட்டும் மீன் விட்டாய். அங்கே ஆண் தெள்ளுகளும் பிறந்தன.

"ஏரித் தண்ணி கலந்து ஆண் வந்திருக்கும்மா" என்று உன் பேராசிரியர் முடித்துவிட்டார். அந்தப் பழியோடுதான் டெங்குவில் போய்ச் சேர்ந்தாய்.

அதன் பிறகு மீன் அந்தத் தொட்டியைத் துடைத்துவிட்டது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. உன் அண்ணன் மீனை எடுத்துவிட்டுத் தொட்டியை வெயிலில் காயவைத்தார். மழை பெய்து நிறைந்ததும், தண்ணீரில் புள்ளிகள் துள்ளின! தங்கையின் தொட்டி வெறுமையாகக் கிடப்பதைப் பொறுக்காமல் இவரே ஏரியிலிருந்து கொண்டுவந்து ஊற்றியிருப்பாரோ?

"நீங்கதான் ஊத்துனீங்களா?"

"நான் ஏன் ஊத்தப் போறேன்? அவ மேல பழி வுழுந்தது எனக்குத் தெரியாதா?"

எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை.

நீ மீனே விடாத தொட்டியிலிருந்து ஒரே ஒரு பெண் தெள்ளை எடுத்துப் பள்ளி லேபில் வைத்துப் பூட்டினேன். சாவி என்னிடம் மட்டும். கூட்டம் பெருகியதும், மீன் வாசம் மட்டும் போகட்டும் என்று மீன் இருந்த தண்ணீரை வடிகட்டி ஊற்றினேன். நாட்கள் போயின. ஆண் தெள்ளுகள் பிறந்தன, மாலதி! பிறகு ஆணும் பெண்ணும் கூடி, அடியில் கறுத்த முட்டைகள். காயவைத்துத் தண்ணீர் விட்டபோது குஞ்சுகள் வந்தன. ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது, இன்னொன்று அடியிலேயே பதுங்கியது. ஒன்றைப் போல ஒன்று இல்லை. உன் தொட்டியிலும் இப்படித்தான் வந்திருக்கும்; உன் அண்ணன் எதையும் ஊற்றவில்லை.

பேராசிரியரிடம் போனேன். "நீங்களே செஞ்சீங்களா? யாரும் தொடலையே?" என்றார். சந்தேகப்படுவதில் அவர் எனக்கு அண்ணன். அதே தொட்டியிலிருந்து ஒரு பெண் தெள்ளைக் கொடுத்தேன். அவரும் செய்து பார்த்தார். பிறகு வீட்டுக்கே வந்து உன் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க தங்கச்சி எதையும் கலக்கலைங்க. தப்பு என்னோடது."

உன் அண்ணன் அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதார். நான் டீ போடப் போகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

தாய் ஒருத்தியே போதும் என்றிருக்கும்போது ஆணுக்கு ஏன் இத்தனை செலவு என்று வகுப்பில் சண்டை போடுவாயே. எல்லாம் ஒரே மாதிரி இருந்தால், பிடிக்கக் கற்ற மீன் எல்லாவற்றையும் பிடித்துவிடும். கலந்து பிறந்தவற்றில் எதுவோ ஒன்று தப்பும். ஆனால் மீனும் கலந்துதானே குஞ்சு பொரிக்கிறது? அதன் குஞ்சு, பதுங்குகிறதையும் தேடிப் பிடிக்காதா? அப்புறம் இவை என்ன செய்யும்? முடியவே முடியாத ஓட்டமா இது? எனக்கு இன்னும் முழுசாக நம்பிக்கை வரவில்லை.

மீன் குஞ்சுகளை விட்டுப் பார்க்கப் போகிறேன். எது வந்தாலும் வந்தபடி சொல்வேன், கட்டுரையில் உன் பெயரை முதலில் வைத்து.

யாரையும் சீக்கிரம் நம்பாத, உன்னை மட்டும் நம்பும்
உன் அண்ணி,
வசந்தி